60 ஹெர்ட்ஸ் திரைக்கு 5070 எதற்கு? செந்தூலில் ஒரு கேமிங் பிசி: நிகழ்வு ஆய்வு

கையில் 3,500 ரிங்கிட், வீட்டில் 2018-இல் கட்டிய பிசி, மனத்தில் ஒரே ஒரு கிராஃபிக்ஸ் கார்ட். கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியில் இருக்கும் என் அக்கா மகன் இப்படித்தான் வந்தான். "கார்ட் மட்டும் மாத்தினா போதும் மாமா. ஆர்டிஎக்ஸ் 5070 போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்றான். ஒரு கடையில் எழுதி வாங்கிய விலைப்பட்டியலும் கையோடு இருந்தது. கார்ட் போக மிஞ்சிய காசுக்கு 850 வாட் பவர் சப்ளை ஒன்றையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

5070 நல்ல கார்ட்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் மேசையில் இருந்த மானிட்டர் 24 அங்குலம், 1080பி, 60 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் அது காட்டாது. கார்ட் 200 படம் வரைந்து தள்ளினாலும் கண்ணுக்கு வருவது அறுபதுதான். படம் கூடினால் மவுஸ் அசைவு கொஞ்சம் சீக்கிரம் திரைக்கு வரும் என்பது உண்மை. அதற்காகக் கிட்டத்தட்ட மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பதா? எந்த மேம்பாட்டையும் மானிட்டரிலிருந்து பின்னோக்கித்தான் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தத் திரையில், எத்தனை படம் வேண்டும் என்பது முடிவானால் கார்டும் பிராசசரும் ஏறக்குறைய தாமாகவே முடிவாகிவிடும்.

பிசியில் இருந்தது

இது முதலில் அவன் அண்ணனுடைய பிசி. 2018 நவம்பரில் புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கில் டோட்டா 2 கேமின் கோலாலம்பூர் மேஜர் போட்டி நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஜோரில் பெரியவன் சேர்த்து வைத்த காசைப் போட்டுக் கட்டினான். பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். பிசி தம்பி கைக்கு வந்தது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 மெமரி, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்ட், 500 வாட் பவர் சப்ளை, 240 ஜிபி எஸ்எஸ்டி, கூட ஒரு ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்துக்கு நல்ல செட்.

2025 அக்டோபரில் இதற்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ஐக் கைவிட்டது. 1060 சேர்ந்த பாஸ்கல் வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியாவும் அதே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஆகவே பையனின் அவசரத்தில் நியாயம் இருந்தது. எதை மாற்றுவது என்பதில்தான் பேச்சு.

அவன் ஆடுவது பெரும்பாலும் டோட்டா 2, வெலோரண்ட், நண்பர்களோடு. தனியாக இருக்கும்போது சைபர்பங்க் 2077. இந்த மூன்றும் ஒரே மாதிரிக் கேம்கள் இல்லை என்பதுதான் இந்த வழக்கின் முடிச்சு.

வாங்குவதற்கு முன்னால்

பிசி கூடத்தில், சாமி மேடையை ஒட்டித் தரையில் இருந்தது. பக்கப் பலகையைக் கழற்றினால் முன் விசிறியின் இறக்கைகளில் பழுப்பாக ஒரு படலம். வெறும் தூசி என்றால் பிரஷ்ஷால் தட்டினால் உதிரும். இது விரலில் ஒட்டியது, முகர்ந்தால் சாம்பிராணி. வெள்ளிக்கிழமைதோறும் போட்ட புகை தூசியோடு கலந்து ஏழு வருடம் படிந்திருக்கிறது. பிராசசர் கூலரின் தகடுகளுக்கு இடையில் காற்று நுழைய இடமே இல்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சியால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. மேடையை நகர்த்து என்று அக்காவிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. பிசி அவன் அறைக்குப் போனது.

அடுத்தது மெமரி. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். இதில் முதல் இரண்டில் அடுத்தடுத்துச் செருகியிருந்தார்கள். இரண்டு மெமரியும் ஒரே சேனலில் மாட்டிக்கொண்டால் பிராசசருக்குப் பாதி வழிதான் திறந்திருக்கும். அது போதாதென்று, பிசி எழும்போது முதலில் ஓடும் பயோஸில், மெமரியை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி போடப்படவே இல்லை. 3000 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய மெமரி இத்தனை வருடமும் 2133-இல் நடந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் போனால் வேகம் எழுதியிருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

ஸ்லாட்டை மாற்றி எக்ஸ்எம்பியைப் போட்டதும் டோட்டாவில் வித்தியாசம் தெரிந்தது. ஐந்து பேரும் மோதும் சண்டையில் 50-க்கு இறங்கிய எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் படங்கள்) 70-ஐ ஒட்டி நின்றது. ஒரு வெள்ளி செலவில்லை.

அப்புறம்தான் உண்மையான சோதனை. கேமின் ரெசொல்யூஷனை, அதாவது கார்ட் வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை, 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். எஃப்பிஎஸ் எகிறினால் திணறுவது கார்ட். நகரவே இல்லை என்றால் திணறுவது பிராசசர். டோட்டாவில் எண் அசையவில்லை. வெலோரண்டிலும் அப்படியே. சைபர்பங்கில் மட்டும் சட்டென்று ஏறியது. அங்கே கார்ட் 99 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, அந்தக் கேமின் குறைந்தபட்சத் தேவையே இப்போது 1060 6 ஜிபிதான்.

அதாவது அவன் நாள் முழுக்க ஆடும் இரண்டு கேமுக்கும் 5070 வாங்கிப் போட்டிருந்தால் எஃப்பிஎஸ் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றிருக்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட அவனையே ரெசொல்யூஷனை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டு, "சரி மாமா, பட்டியலைத் தூக்கிப் போடுவோம்" என்றான்.

மானிட்டர்

கணக்கு இதுதான். 1080பி என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். கார்ட் ஒவ்வொரு படத்துக்கும் வரைய வேண்டியது முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. 4கே போனால் 83 லட்சம். இந்தப் பட்ஜெட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். வேகத்தைப் பார்த்தால் 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கும், 180 ஹெர்ட்ஸில் 5.6. அறுபதிலிருந்து 144-க்குப் போகும்போது யாருக்கும் தெரியும், மவுஸை ஒரு வட்டம் சுற்றினாலே போதும். 144-க்கும் 180-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு நான் தனியாக ஒரு காசும் கொடுக்க மாட்டேன். ஆனால் இப்போது நடுத்தர விலை மானிட்டர்கள் பல 180-ஓடுதான் வருகின்றன.

பையன் கேட்டது 32 அங்குல வளைந்த திரை. அவன் மேசை குறுகலானது; உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் அறுபது சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. அந்தத் தூரத்தில் 32 அங்குலம் என்றால் டோட்டாவில் மூலையில் இருக்கும் மினிமேப்பைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். 27 அங்குலம் சரி. ஆனால் 27-இல் 1080பி வாங்கக் கூடாது. அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும், பழைய 24 அங்குலத் திரையின் 92-ஐவிடக் குறைவு, எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். 1440பி என்றால் 109. காசு கொடுத்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அது.

மீதி இருந்தது பேனல் எந்த வகை என்பது. விஏ பேனலில் கருப்பு கருப்பாக இருக்கும், கான்ட்ராஸ்ட் 3000-க்கு 1 என்ற அளவில். ஐபிஎஸ்ஸில் அது பொதுவாக 1000-க்கு 1. விளக்கை அணைத்துவிட்டு ஆடினால் கருப்பு சாம்பலாகத் தெரியும், மூலைகளில் மங்கலான ஒளி படரும். இவன் ஆடுவதெல்லாம் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு. காகிதத்தில் பார்த்தால் விஏ வாங்க வேண்டியவன்.

இதற்காகத்தான் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்கு நேரிலேயே அழைத்துப் போனேன். காட்சிக்கு வைத்திருந்த ஒரு மலிவு விஏ திரையில் அடர் சாம்பல் பின்னணியைப் போட்டு, கோப்புகள் இருக்கும் ஒரு கருப்பு ஜன்னலை மவுஸால் பிடித்து இடமும் வலமும் இழுத்தேன். எழுத்துகளுக்குப் பின்னால் கருநீலமாக ஒரு நிழல் வழிந்துகொண்டே வந்தது, ஈரமான மையைத் துணியால் தேய்த்த மாதிரி. கருப்பிலிருந்து சாம்பலுக்கு மாற விலை குறைந்த விஏ பேனல்களுக்கு நேரம் பிடிக்கும், அதனால் வருவது இது. பெட்டியில் "1 எம்எஸ்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. அடியில் சின்ன எழுத்தில் எம்பிஆர்டி. பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு அளக்கும் எண் அது. புள்ளி எவ்வளவு சீக்கிரம் நிறம் மாறுகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெளிச்சமும் நிறமும் கூடுதல் என்று சொல்லும் எச்டிஆர்400 ஸ்டிக்கரையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

பக்கத்திலிருந்த ஐபிஎஸ்ஸில் அதே ஜன்னலை இழுத்தபோது நிழல் இல்லை. டோட்டாவின் வரைபடம் பாதி இருட்டு, அதில் திரையை ஓயாமல் நகர்த்த வேண்டும். அவனே ஐபிஎஸ் என்று சொல்லிவிட்டான். 27 அங்குலம், 1440பி, 180 ஹெர்ட்ஸ், கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் ஓடும் ஃப்ரீசிங்க் வசதி உள்ளது, எண்ணூறு வெள்ளிக்குள். பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து எரியவிடச் சொல்லுங்கள். முழுக் கருப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களைத் தம்ப் டிரைவில் கொண்டுபோனால் செத்த புள்ளி உடனே தெரிந்துவிடும். ஒன்றிரண்டு செத்த புள்ளிக்கெல்லாம் பல கம்பெனிகள் வாரண்டியில் மாற்றித் தருவதில்லை. கடையிலேயே வேறு பெட்டி கேட்பதுதான் சுலபம்.

பிராசசரும் கார்டும்

திரை முடிவானதும் தேவை தெளிவாகிவிட்டது. டோட்டாவிலும் வெலோரண்டிலும் 144-க்கு மேல், சைபர்பங்கில் 1440பியில் நிதானமான 70, 80.

ஏஎம்டியின் புது பிராசசர்களுக்கான ஏஎம்5 போர்டுக்குப் போகலாமா என்று பார்த்தோம். போர்டு, பிராசசர், டிடிஆர்5 மெமரி மூன்றும் ஒரேயடியாக வாங்க வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியிருந்தது. அந்த யோசனை அங்கேயே முடிந்தது. 32 ஜிபியாக்கும் ஆசையும் அதோடு போனது. அவன் ஆடும் கேம்களுக்கு 16 போதும்.

நல்லவேளையாக, இந்தப் போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் நீண்ட ஆயுள்காரன். 2017-இல் முதல் ரைசன் வந்த அதே சாக்கெட்டில், பயோஸைப் புதுப்பித்தால், பி450 போர்டிலும் 5000 வரிசை ஓடும். டோட்டாவுக்குக் கனகச்சிதம் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) உள்ள 5700எக்ஸ்3டி. ஆனால் புதிதாகக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஏறிக் கிடக்கிறது. ரைசன் 5 5600 எடுத்தோம். ஆறு கோர், 32 எம்பி கேஷ், நானூறு வெள்ளியை ஒட்டி. 5000 வரிசையில் பெயரைக் கவனித்து வாங்க வேண்டும். 5700எக்ஸ் 32 எம்பி. எக்ஸ் இல்லாத வெறும் 5700-இல் 16 எம்பிதான். 5500-ம் 5600ஜியும் அப்படியே. எண் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கினால் கேமில் 5600-இடமே தோற்கும்.

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் பெட்டி இல்லாத 5600 மலிவாக இருப்பதைப் பையன் ஆன்லைனில் பிடித்தான். 500 ரிங்கிட்டுக்குள் வெளியிலிருந்து வரும் பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத வரி. கூலர் இருக்காது, உள்ளூர் வாரண்டியும் கிடையாது. மிச்சம் ஒன்றுமில்லை. பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் 1972-லேயே இன்டெலும் ஏஎம்டியும் ஆலை போட்டன. நிறைய ரைசன் பிராசசர்களின் உலோக மூடிகளில் மலேசியாவில் செய்தது என்றே பொறித்திருக்கும். அதற்காக நமக்கு யாரும் விலையைக் குறைப்பதில்லை.

கார்டுக்குப் போட்டி இரண்டு பேர்: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. இரண்டுக்குமே 8 ஜிபி பதிப்பு உண்டு, 1440பி திரை வாங்குகிறவர் அதைத் தொட வேண்டாம். என்விடியா கார்டில் ஒளியையும் நிழலையும் இயல்பாகக் காட்டும் ரே டிரேசிங் மேல், குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் மேல். பையன் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்கிறவனாக இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே போர்டு பழசு. கார்டையும் பிராசசரையும் இணைக்கும் பிசிஐஇ பாதையில் பி450 கொடுப்பது பழைய 3.0 வேகம். 5060 டிஐ ஸ்லாட்டின் 16 பாதைகளில் எட்டை மட்டுமே பயன்படுத்தும். புது போர்டில் ஒவ்வொரு பாதையும் வேகம் என்பதால் தெரியாது. இந்தப் போர்டில் எட்டே பாதை, அதுவும் பழைய வேகம். கார்டின் மெமரி நிரம்பாத வரை இழப்பு பெரிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 9060 எக்ஸ்டி 16 பாதையையும் பயன்படுத்துகிறது, நாங்கள் பார்த்த கடைகளில் விலையும் சில நூறு வெள்ளி குறைவு. 1,750 சொச்சத்துக்கு அதையே எடுத்தோம். கேஸுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இடம் என்று டேப் வைத்து அளந்துகொண்டு போனதால் மூன்று விசிறி மாடலைத் தவிர்க்க முடிந்தது.

கடைக்காரர் சொன்ன 850 வாட்? கார்ட் 160 வாட், பிராசசர் உச்சத்தில் 76, மற்றதெல்லாம் சேர்த்து 50. முந்நூறைத் தாண்டாது. பழைய 500 வாட்டே தாங்கும். ஆனாலும் ஏழு வருடம் புகை குடித்த பவர் சப்ளை, அதன் வாரண்டியும் முடிந்துவிட்டது. நல்ல கம்பெனியின், வெண்கலத் திறன் முத்திரை (80 பிளஸ் Bronze) உள்ள 550 வாட் ஒன்று 260-க்கு மாற்றினோம். கூடவே மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ள, மின்னல் அதிர்ச்சி தாங்கும் எக்ஸ்டென்ஷன். மத்தியானம் மூன்று மணியானால் இடி இறங்கும் ஊரில் அதில் கஞ்சத்தனம் கூடாது.

பொருத்தியபோது

வரிசை முக்கியம். பழைய 2600 உள்ளே இருக்கும்போதே பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். புது பிராசசரைப் போட்டுவிட்டால் பழைய பயோஸுக்கு அது யாரென்றே தெரியாது, திரை கருப்பாக நிற்கும். எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் செய்த தம்ப் டிரைவ் போதும்.

கூலரைக் கழற்றும் இடத்தில்தான் பலரும் பிராசசரைப் பலி கொடுக்கிறார்கள். ஏஎம்4-இல் ஊசிகள் இருப்பது பிராசசரின் அடியில், மொத்தம் 1,331. காய்ந்த பேஸ்ட் கூலரோடு பிராசசரை ஒட்ட வைத்திருக்கும். நேராகத் தூக்கினால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். அதனால் முதலில் ஒரு கேமைக் கால் மணி நேரம் ஓட விட்டோம். பேஸ்ட் இளகியதும் பிசியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகினான். சத்தமில்லாமல் வழுக்கி வந்தது. பழைய பேஸ்ட் அரிசி மாவு மாதிரி உதிர்ந்தது.

புது பிராசசருடன் பிசியை முதலில் எழுப்பும்போது, எஃப்டிபிஎம் (பிராசசருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) மாறிவிட்டது, அழிக்கவா என்று Y அல்லது N கேட்டு ஒரு கருப்புத் திரை வரும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் மீட்புச் சாவி கையில் இல்லாமல் Y அடிக்கக் கூடாது. இவனிடம் பிட்லாக்கர் இல்லை. விண்டோஸ் 11-க்கும், அதன் மேல் ஓடும் வெலோரண்டுக்கும், டிபிஎம் 2.0-ம், நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் (Secure Boot) வசதியும் வேண்டும். செக்யூர் பூட் வசதிக்கு, பிசியைப் பழைய முறையில் எழுப்பும் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். அணைத்தால் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த எஸ்எஸ்டி எழும்பாது. விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி ஃபைல்களை அழிக்காமல் அதை மாற்றிவிடும். இருந்தாலும் கல்லூரி வேலைகளை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்க வைத்தேன். சிஎஸ்எம் போனதும், கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்ட விடும் ரீசைசபிள் பார் போட வழி பிறந்தது, அது புது கார்டுக்கு லாபம்.

கடைசியாக, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் செருகி விண்டோஸில் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே பக்கம் போனால் அங்கே 60 ஹெர்ட்ஸ் என்றே நின்றது. 180-க்கு மாற்றினோம். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் புது மானிட்டரை அறுபதிலேயே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது

டோட்டாவில் சாதாரண நேரத்தில் 160-க்கு மேல், பெரிய சண்டையில் 110 வாக்கில். சைபர்பங்க் 1440பி, ஹை செட்டிங்கில், ரே டிரேசிங் இல்லாமல் 80-ஐ ஒட்டி. வெலோரண்ட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, 180-ஐத் தாண்டி எங்கோ போகிறது. பழைய மானிட்டர் பக்கத்தில், நண்பர்களோடு பேசும் டிஸ்கார்டுக்கு நிற்கிறது. 3,500-இல் நூற்றைம்பது வெள்ளி மிச்சம். 1060-ஐயும் 2600-ஐயும் விற்றால் இன்னும் கொஞ்சம் வரும்.

குறை இல்லாமல் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்தால் திரையின் வலது கீழ் மூலையில் ஐபிஎஸ் ஒளி தெரியத்தான் செய்கிறது. திரைக்குப் பின்னால் சுவரில் மங்கலான எல்இடி பட்டை ஒட்டியதும் அவனுக்குப் பரவாயில்லை என்றாகிவிட்டது. 5600-ஓடு வந்த கூலர் மதிய வெயிலில் இரைகிறது. 240 ஜிபி எஸ்எஸ்டி நிறைந்து வழிகிறது. விற்ற காசு அதற்குத்தான். அதற்கு மேல் இந்தப் போர்டில் செய்ய அதிகம் இல்லை, அடுத்த முறை போர்டு, மெமரி, பிராசசர் மூன்றையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

இதே 3,500-ஓடு வெலோரண்ட் மட்டும் ஆடும் ஒருவர் வந்தால் என் பட்டியல் வேறு. 24 அங்குல 1080பி திரையில் 240 ஹெர்ட்ஸ், பிராசசருக்குக் கூடுதல் காசு, கார்ட் பழையதிலேயே ஒரு நல்லது. கதைக் கேம் மட்டும் ஆடுகிறவர் என்றால் பழைய 2600-ஐ இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டுப் பணத்தைத் திரையிலும் கார்டிலும் போடலாம்.